மீன் குட்டி போடும், மேடம்

நம் பள்ளிக்கூடத்துப் பெரிய மேடத்துக்குத் தொண்ணூறு வயது நிறைகிறதாம். பாராட்டு மலர் போடப் போகிறீர்களாம். பழைய மாணவிகள் ஆளுக்கொரு பக்கம், மேடத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தர வேண்டுமாம். வாட்ஸப் குழுவில் மூன்று நாளாக ஒரே கண்ணீரும் கைகூப்பலுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதுகிறேன், எழுதாமல் என்ன. ஆனால் நாலு வார்த்தையில் முடியாது. நல்ல வார்த்தையாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பிடிக்காவிட்டால் போடாதீர்கள், போங்கள்.

உங்கள் எல்லோரிடமும் ஒரு டி.சி. இருக்கும். நம் அப்பாக்கள் எல்லாம் மத்திய அரசு உத்தியோகம். மூன்று வருஷம், நாலு வருஷத்துக்கு ஒரு ஊர் என்று மூட்டை கட்டிக்கொண்டே இருந்த வீடுகள் நம்முடையவை. வீட்டில் நகைக்குப் பூட்டில்லாவிட்டாலும் பள்ளிக்கூடத்து டி.சி.க்குப் பூட்டு உண்டு. அதில் 'நடத்தை' என்று ஒரு கட்டம் இருக்கும். உங்கள் கட்டத்தில் 'நன்று' என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். என் கட்டத்தில் 'திருப்தியில்லை'. ஐம்பதை எட்டிப் பார்க்கிற இந்த வயதில் அதை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு ஞாபகம் இருப்பது, நான் கண்காட்சியில் வாய்க்கொழுப்பாகப் பேசினேன் என்பது மட்டும்தான். அதற்கு முன்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்கிறேன்.

கொல்கத்தாவில், பெஹாலாவில் நாங்கள் குடியிருந்தது காக்கிமாவின் வீட்டு மாடியில். வீட்டுக்காரம்மாவை அப்படித்தான் கூப்பிட்டோம். சித்தி மாதிரி ஒரு முறை. அவள் பேசியதெல்லாம் வங்காளம்தான், ஆனாலும் இப்போது நினைத்தால் என் காதில் தமிழாகவே விழுகிறது. கொல்லையில் ஒரு பலா மரம். அதன் நிழலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிமென்ட் தொட்டிகள், சௌபாச்சா என்பார்களே அது. மோட்டார் போட்டபிறகு இரண்டுமே சும்மா கிடந்தன. மழைத் தண்ணீர் நின்று, பாசி கட்டி, கொசு கும்மென்று மொய்க்கும். ஊரெல்லாம் மலேரியா பயம். கார்ப்பரேஷன் ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கப்பி மீனைப் பிடிச்சு விடுங்க, கொசுப்புழுவைத் தின்னுடும்" என்றான்.

கப்பிக்கு எங்கே போவது? தெருச் சாக்கடையிலேயே இருந்தது. நானும் காக்கிமாவும் அம்மாவின் டீ வடிகட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு வாளி நிறையப் பிடித்தோம். நகத்தளவு மீன். பெண் மீன் சாம்பல் நிறம். ஆண் மீனுக்குத்தான் ஆரஞ்சும் நீலமும் கறுப்புமாகப் பொட்டுப் பொட்டாக அலங்காரம். அந்த ஒரே வாளியிலிருந்து இந்தத் தொட்டியில் பாதி, அந்தத் தொட்டியில் பாதி என்று ஊற்றினோம். ஒரே வாளி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா அந்த வடிகட்டியை அப்புறம் சமையல்கட்டுப் பக்கம் சேர்க்கவே இல்லை. நாங்கள் திருநெல்வேலிச் சைவம்; மீன் என்ற சொல்லையே அம்மா கொஞ்சம் தாழ்த்தித்தான் சொல்வாள்.

அடுத்த வருஷம் ஜமாய் ஷஷ்டி வந்தது. மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கிற நாள். காக்கிமாவின் மாப்பிள்ளைக்குக் கொய் மீன் என்றால் உயிர், அதுவும் உயிரோடு வாங்கி அன்றைக்கே வெட்டிச் சமைத்ததாக இருக்க வேண்டும். நம் ஊரில் அதற்குப் பனையேறிக் கெண்டை என்று பெயர் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. ஷஷ்டியன்று விலை ஏறிவிடும் என்று காக்கிமா இரண்டு நாள் முன்னதாகவே எட்டு மீனை வாங்கி, சமையலறைக்குப் பக்கத்துத் தொட்டியில் விட்டுவிட்டாள். விருந்தன்று துழாவினால் ஆறுதான் கிடைத்தது. இரண்டு பாசிக்குள் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டன. "ஓமா, இருக்கட்டும் விடு. அடுத்த ஷஷ்டிக்கு ஆகும்" என்றாள்.

இருந்தன. ஒரு வருஷம் அந்தத் தொட்டியிலேயே இருந்தன. கப்பியைத் தின்றுகொண்டு சுகமாக இருந்தன. அடுத்த ஷஷ்டிக்கும் கைக்கு அகப்படவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன கோடை விடுமுறையில்தான் கவனித்தேன். கொய் இல்லாத தொட்டியில் ஆண் கப்பிகள் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டதுபோல மினுக்கிக்கொண்டிருந்தன. கொய் இருந்த தொட்டியிலோ ஒன்றுகூட அப்படி இல்லை. மங்கலாக, வாலோரம் ஒரு பொட்டு, இடுப்பில் ஒரு பொட்டு, அவ்வளவுதான். காக்கிமா பார்த்துவிட்டு, "ஐயோ, சீக்கு வந்திருக்கு" என்று ஒரு கரண்டி மஞ்சள் பொடியைக் கொட்டினாள். நான் வெயில்தான் காரணமோ என்று நினைத்தேன். இரண்டும் ஒரே மரத்தடி. தண்ணீரோ என்று நினைத்தேன். இரண்டும் ஒரே மழை. பிறகு ஒரு மத்தியானம் கொய் ஒன்று பாசியிலிருந்து வெளியே வந்து ஒரு கப்பியை லபக்கென்று விழுங்கியதைப் பார்த்தேன். மினுக்குவதுதான் கண்ணில் படும், கண்ணில் படுவதுதான் வாயில் போகும். மங்கலாக இருந்தது தப்பித்துக்கொண்டு குட்டி போடும். அந்தக் குட்டிகளில் மங்கலானவை மறுபடி தப்பிக்கும். பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானே பார்த்தேன். இந்த வயதிலும் அந்தப் பெருமை எனக்குக் குறையவில்லை, குறைத்துக்கொள்ளவும் மாட்டேன்.

காக்கிமாவின் வெள்ளை எனாமல் தட்டு ஒன்றை வாங்கி, வடிகட்டியால் ஒவ்வொரு ஆண் மீனாக எடுத்து விட்டுப் பொட்டுகளை எண்ணினேன். ஒரு தொட்டிக்கு இருபது மீன். நீல அட்டை நோட்டில் எழுதினேன். எண்ணியதும் திரும்பவும் அதே தொட்டியில் விட்டுவிடுவேன். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இதே வேலை. முழங்கை வரை பாசி வாசம் அடிக்கும். அம்மா என்னைக் கிணற்றடிக் குழாயில் கழுவிவிட்டுத்தான் மாடி ஏற விடுவாள்.

ஆகஸ்டில் அறிவியல் கண்காட்சி. உங்களில் பாதிப்பேர் தெர்மாகோலில் எரிமலை செய்தீர்கள். நான் இரண்டு கண்ணாடிச் சாடியில் மீன்களையும் ஒரு அட்டையையும் வைத்தேன். 'எங்கள் வீட்டுக் கொல்லையில் பரிணாமம்' என்று தலைப்பு. நடுவராக வந்தவர் ஏதோ கல்லூரியில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவர். கோட்டு போட்டுக்கொண்டு வியர்த்தார். அவருக்குப் பின்னால் பெரிய மேடம்.

"பரிணாமம் என்றால் லட்சக்கணக்கான வருஷம் ஆகும், பெண்ணே. ஒரு வருஷத்தில் உன் வீட்டுத் தொட்டியில் நடக்காது. இந்தக் கலர் மீன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியதுதானே?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"இல்லை சார். ரெண்டும் ஒரே சாக்கடை, ஒரே வாளி. கலரா இருந்ததை இன்னொரு மீன் தின்னுடுச்சு" என்றேன் நானும் இங்கிலீஷில்.

"அப்படியானால் தின்றது, அவ்வளவுதான். எந்த மீனும் மாறவில்லையே."

"தின்னாம விட்டதுதானே சார் குட்டி போட்டுச்சு! அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

அதற்குத்தான் பெரிய மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்பு உங்களுக்கும் தொற்றிக்கொண்டது. "மீன் எங்கேடி குட்டி போடும்? முட்டைன்னா போடும்!" என்றார் தமிழில், நடுவருக்கும் அதையே இங்கிலீஷில் சொன்னார். நடுவரும் தலையாட்டினார். மேடமும் எங்களைப்போலச் சைவக் குடும்பம்தான். கொல்கத்தாவில் இருபது வருஷம் இருந்தும் மீன் கடை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறவர். மீனைப் பற்றி அவருக்குத் தெரிந்தது நாற்றம் ஒன்றுதான். கப்பி குட்டிதான் போடும், முட்டை போடாது என்று சாக்கடையைப் பார்த்த எந்தப் பெஹாலாக் குழந்தைக்கும் தெரியும்.

"வீட்டுக்கு வந்து பாருங்க சார்" என்றேன். நேரமில்லை என்றார். "பாக்க நேரமில்லை, பொய்னு சொல்ல மட்டும் நேரம் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது தப்பென்று நீங்கள் எல்லாம் நினைத்தீர்கள். நான் இன்றைக்கும் நினைக்கவில்லை.

மறுநாள் மேடத்தின் அறையில் எனக்கு இரண்டு குற்றம் படித்தார்கள். சந்தையில் மீன் வாங்கி ஏமாற்றியது ஒன்று. மீன் குட்டி போட்டது என்று பொய் சொன்னது இரண்டு. "ரெண்டையும் ஒத்துண்டு ஒரு அபாலஜி லெட்டர். கெஸ்ட்கிட்ட எப்படிப் பேசணும்னு அப்பவாவது புத்தி வரும்" என்றார் மேடம். எழுதவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று பூஜை லீவு வரை தள்ளிவிட்டேன்.

பூஜை முடிந்து ஊரே தூங்கி வழிந்துகொண்டிருந்த வாரத்தில் அப்பாவுக்குத் தஞ்சாவூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. டிசம்பரில் கிளம்ப வேண்டும். டி.சி. கேட்டுப் போன அப்பாவிடம் மேடம் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: கடிதம் வந்தால் 'நன்று', வராவிட்டால் 'திருப்தியில்லை'.

வீட்டில் இடி விழுந்தது. "ஏட்டி, மீனு குட்டி போட்டா என்ன, முட்டை போட்டா என்ன? வருஷத்து நடுவுல போறோம், அந்தக் காயிதத்தப் பாத்துதான் எடுப்பாங்க. ஒரு பள்ளிக்கூடத்துலயும் சேக்கலன்னா என்ன செய்வே?" என்று அம்மா அழுதாள்.

அப்பா அழவில்லை, கத்தவும் இல்லை. அவர் மத்திய அரசின் தானியக் கிடங்கில் அதிகாரி. கிடங்கில் கோதுமையும் அரிசியும் மலைமலையாக அடுக்கியிருக்கும். மூட்டை கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. "ஒரு கையெழுத்துல என்னம்மா போகுது? போட்டுட்டு வெளிய வந்து நீ என்ன வேணா நெனச்சுக்கோ" என்றார். அவரும் இரண்டு வருஷமாக ஒரு நாள்கூடக் கொல்லைப் பக்கம் வந்து அந்தத் தொட்டியை எட்டிப் பார்த்தவரில்லை. வீட்டில் சண்டை வரக் கூடாது, டிசம்பர் நல்லபடியாகக் கழிய வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் ஒன்று. ஆகஸ்டிலிருந்தே நான் சும்மா இருக்கவில்லை. நடுவர் சொன்னது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. தின்றது மட்டும்தானா, மாறவில்லையா? அப்படியானால் கொய்யைக் கண்ணாலேயே பார்க்காத குட்டி எப்படி இருக்கும்? இரண்டு தொட்டியிலிருந்தும் வயிறு பெருத்த பெண் மீன்களை எடுத்துத் தனித்தனியாக அம்மாவின் ஊறுகாய்ப் பாட்டில்களில் விட்டேன். குட்டி போட்டதும் தாயை எடுத்துவிட்டேன், இல்லாவிட்டால் அதுவே தின்றுவிடும். பாட்டில்கள் சமையல்கட்டு ஜன்னலில் இருந்தன. அம்மா ஜன்னல் கட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, "இதுக்கு இங்கிட்டு ஒரு பாட்டில் வந்துச்சு, தூக்கி வீசிருவேன் மூதி" என்றாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வர லேட்டானால் அவலை நுணுக்கி அவளே தூவிவிடுவாள். கேட்டால் இல்லவே இல்லை என்பாள்.

நவம்பர் கடைசியில் குட்டிகளுக்கு நிறம் வந்தது. மினுக்கிகளின் பிள்ளைகள் மினுக்கின. கொய்த் தொட்டிக்காரர்களின் பிள்ளைகள், பிறந்ததிலிருந்து ஊறுகாய்ப் பாட்டிலைத் தவிர எதையும் கண்டிராத பிள்ளைகள், மங்கலாகவே வளர்ந்திருந்தன. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. யாரிடம் போய்க் குதிப்பது? காக்கிமாவிடம் சொன்னேன். "நீ சொல்றது ஒண்ணும் புரியலை. ஆனா நீ பொய் சொல்லலை. வாளியை நான்தானே தூக்கினேன்!" என்றாள்.

டிசம்பரில் ஒரு சாயங்காலம் அப்பாவோடு மேடத்தின் அறைக்குப் போனேன். அப்பாவின் சட்டைப் பையில் ஆபீசில் டைப் அடித்த மன்னிப்புக் கடிதம். என் துணிப்பையில் மூன்று பாட்டில். ஒன்றில் மினுக்கிகள், ஒன்றில் மங்கல்கள், மூன்றாவதில் வயிறு வெடிக்கிற மாதிரி ஒரு பெண் மீன்.

மேடம் கடிதத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளி, பேனாவையும் வைத்தார். நான் பாட்டில்களை எடுத்து அதன்மேலேயே வைத்தேன்.

"இதெல்லாம் எடு முதல்ல. டேபிள் ஈரமாறது."

"ஒரு தடவை பாருங்க மேடம்."

"என்னத்தைப் பாக்கறது? குட்டி போடறதுன்னியே, எங்கே குட்டி?"

அந்த மீன் பாட்டிலின் அடியில் சும்மா நின்றது. நானும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். போடேன், இப்போது போட்டுத் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். வாலைக்கூட ஆட்டவில்லை. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அப்போதுதான் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு கேட்டது. அப்பா குனிந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மற்ற இரண்டு பாட்டில்களையும் ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்திருந்தார். உதடு அசைந்தது. கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுவில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனது. கிடங்கில் அடுக்கின் முன்னால் நிற்கும்போது அவர் விரல் அப்படித்தான் போகும்.

"உன் நோட்டக் குடு" என்றார். கொடுத்தேன். அந்தப் பாட்டில்களின் பக்கத்தைத் தேடி எடுத்து, விரலை வைத்து ஒவ்வொரு மீனாகச் சரிபார்த்தார்.

"சார், என்ன பண்றீங்க?" என்றார் மேடம்.

"எண்ணுதேன் மேடம்."

"எதுக்கு?"

"இவ எழுதியிருக்கதும் உள்ள இருக்கதும் ஒண்ணா இருக்கு. இருபத்திரண்டு வருஷமா இதான் என் வேல. எண்ணிக்க சரியா இருக்கையில தப்புன்னு எழுதி நான் யார்கிட்டயும் கையெழுத்து வாங்கினதில்ல. எம் மவகிட்ட எப்படி வாங்குவேன்?" என்று சொல்லி, டைப் அடித்த கடிதத்தை நாலாக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "நீங்க எழுத வேண்டியத எழுதிக்கோங்க."

மேடம் எழுதினார். முத்து முத்தான கையெழுத்து.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. மூன்றாவது பாட்டில் அப்பாவின் மடியில்.  இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்காது, "ஏ, இங்க பாரு!" என்று அப்பா சின்னப் பையன் மாதிரி கத்தினார். பஸ்ஸின் குலுக்கலில் அந்த மகராசி ஆரம்பித்துவிட்டாள். அரிசிக் குறுநொய்க்குக் கண் வைத்தாற்போல ஒரு குட்டி கீழே விழுந்து, சுருண்டு நிமிர்ந்து, நீந்தியது. அடுத்தது. அதற்கடுத்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு…" அப்பா எண்ணிக்கொண்டே எழுந்துவிட்டார். "எறங்கு. எறங்குங்கேன்!"

நாங்கள் படியில் இறங்கும்போது கண்டக்டர் வழக்கப்படி பஸ்ஸைத் தட்டிக் கூவினான்: "ஆஸ்தே லேடீஸ், கோலே பாச்சா!" மெதுவாக, பெண்பிள்ளை இறங்குகிறாள், மடியில் குழந்தை. அன்றைக்கு நான் சிரித்த ஒரே சிரிப்பு அதற்குத்தான்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி ஓடினோம். மேடம் அறையைப் பூட்டிக்கொண்டு படியிறங்கி வந்துகொண்டிருந்தார். அப்பா மூச்சு வாங்க, பாட்டிலை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். மேடம் பார்த்தார். இதை நான் மறைக்க மாட்டேன்: நன்றாகவே பார்த்தார். இன்னொரு குட்டி விழுகிறவரை நின்று பார்த்தார். "நிஜமாவே குட்டிதான்" என்றார் மெதுவாக. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, அதை விட்டுடறேன். சந்தையில வாங்கினேன்னு மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கோ. கெஸ்ட் முன்னாடி நடந்ததுக்கு எனக்கும் ஒரு பதில் வேணும். டி.சி.யை மாத்தித் தரேன்" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போடு என்று இந்தத் தடவை சொல்லவில்லை. பாதிப் பொய்க்கு ஒரு 'நன்று'. கையெழுத்துப் போட்டால் அம்மா நிம்மதியாகத் தூங்குவாள்.

"வேண்டாம் மேடம். இதுவே இருக்கட்டும்" என்றேன்.

தஞ்சாவூரில் மூன்று பள்ளிக்கூடம் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு இடமில்லை என்றன. நான்காவது சேர்த்துக்கொண்டது, அங்கே பதினொன்றில் அறிவியல் பிரிவே கிடையாது. காமர்ஸ் படித்தேன். விஞ்ஞானி ஆகவில்லை. ஆகியிருப்பேனோ என்னவோ. அதற்கு எனக்கு வருத்தம் உண்டு, கோபமும் உண்டு, இரண்டையும் யாருக்காகவும் விட்டுத் தருவதாக இல்லை. ஆனால் அன்றைக்குச் சொன்ன 'வேண்டாம்' என்பதை மட்டும் ஒரு நாளும் திருப்பி எடுக்க நினைத்ததில்லை.

மலருக்குப் படம் ஒன்று அனுப்பச் சொன்னீர்களே, அந்த டி.சி.யைத்தான் அனுப்புகிறேன். இரண்டு பக்கமும் போட வேண்டும். முன்பக்கத்தில் மேடத்தின் முத்தான கையெழுத்தில் 'திருப்தியில்லை' என்று இருக்கிறது. பின்பக்கத்தில், திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா பென்சிலால் எழுதியது இருக்கிறது. கிடங்கில் ஒவ்வொரு அடுக்கையும் சரிபார்த்து முடித்தபிறகு அட்டையில் எழுதுகிற அதே வாசகம்தான், கீழே அவருடைய இனிஷியல், தேதி.

'நானே எண்ணிப் பார்த்தேன். சரி.'